ரூடி ஹெர்ட்ஸின் டேப் யாருக்குச் சொந்தம்?

எதிர்காலத்தைக் காட்டிப் பயமுறுத்தும் கதை என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் உடனே, ஜனங்களை ஓயாமல் கண்காணிக்கும் அரசைப் பற்றிய ஆர்வெல்லின் '1984' நாவலை இழுத்து வந்துவிடுவார்கள். தெருமுனையில் கேமரா மாட்டினால் 1984. செல்போனில் யாரோ நம்மைப் பற்றித் தெரிந்துகொண்டு விளம்பரம் போட்டால் அதுவும் 1984. எனக்கு அந்தப் பேச்சு வரும்போது ஞாபகத்துக்கு வருவது வேறொரு புத்தகம். அதில் உளவுப் போலீஸ் இல்லை, சித்திரவதை அறை இல்லை. இரும்பு கடையும் லேத் இருக்கிறது. லேத்தில் வேலை பார்த்த ஒரு டர்னர் இருக்கிறார்.

கர்ட் வானகட் 1952இல் எழுதிய 'பிளேயர் பியானோ'. அவருடைய முதல் நாவல். பின்னால் எழுதியவை வாங்கிய பெயரில் கால்வாசிகூட இது வாங்கவில்லை. கோயமுத்தூர் உக்கடம் பழைய புத்தகக் கடையில் அட்டை பாதி போன பிரதி ஒன்று கிடைத்தது. நின்றபடியே புரட்டினேன், லேத் என்ற சொல் கண்ணில் பட்டது. லேத்தில் நின்று சோறு தின்றவன் அதற்கப்புறம் புத்தகத்தைத் திருப்பி வைப்பானா? அதே ஊரில் கணபதி பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்து ஜாப் ஒர்க் எடுக்கிறேன். பம்புக்கு ஸ்லீவ், புஷ், ஷாஃப்ட். டிப்ளமோவோடு படிப்பு முடிந்தது. இங்கிலீஷ் நாவலை அகராதி வைத்துத்தான் படிப்பேன், ஆனால் படிப்பேன்.

பிளேயர் பியானோ என்பது ஆள் இல்லாமல் தானே வாசிக்கும் பியானோ. யாரோ ஒரு வித்வான் வாசித்ததைத் துளைகளாக்கிய காகிதச் சுருளை உள்ளே மாட்டிவிட்டால் போதும், கட்டைகள் தாமாக ஏறி இறங்கும், பாட்டு வரும். நாவலின் மையமே இந்தக் காகிதச் சுருள்தான்.

கதை நடப்பது இலியம் என்ற ஊரில். நியூயார்க் மாநிலம். ஊர் மூன்று துண்டு. வடமேற்கில் மேனேஜர்களும் இன்ஜினியர்களும். வடகிழக்கில் இயந்திரங்கள். ஆற்றுக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் என்ற பகுதியில் மிச்சமிருக்கும் அத்தனை ஜனமும். பெரிய போர் ஒன்று நடந்தபோது தொழிலாளிகள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாமலே ஆலையை ஓட்ட இன்ஜினியர்கள் கற்றுக்கொண்டார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு வேலை இல்லை. அதற்காக யாரும் பட்டினி கிடக்கவில்லை. வீடு உண்டு, டிவி உண்டு, வாஷிங் மெஷின் உண்டு, வைத்தியச் செலவுக்கு இன்சூரன்ஸ் உண்டு. பரீட்சையில் தேறாதவனுக்கு இரண்டே வழி: பட்டாளத்தில் சேரலாம், இல்லாவிட்டால் ரோட்டுக் குழி அடைக்கும் அரசாங்கப் படையில் சேரலாம். ஒவ்வொருவரின் அறிவையும் ஒரு துளை அட்டை அளந்து வைத்திருக்கிறது. அட்டை 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் வேண்டாம்தான்.

வில்லன் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. நம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீவா என்று ஆட்சியாளர் ஒருவர் இருப்பார். ஜனங்களுக்கு இரண்டெழுத்தில்தான் பெயர், பிள்ளை பெறுவதற்கு அனுமதி வாங்க வேண்டும், கணவனைக் காணாமல் நிலா அலைவாள். கோபப்பட ஒரு முகமாவது நமக்கு இருக்கும். (அந்த முகத்தின் சங்கதி என்ன என்பதைப் படிக்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.) வானகட் அந்த வசதியைத் தரவில்லை. அவருடைய மேனேஜர்கள் நல்லவர்கள். வேலையைத் திருத்தமாகச் செய்கிறவர்கள். செலவைக் குறைக்கிறார்கள், ரிஜெக்‌ஷனைக் குறைக்கிறார்கள். நானும் தினமும் அதைத்தானே செய்கிறேன்.

ரூடி ஹெர்ட்ஸ் அந்த ஊரின் கைதேர்ந்த மெஷினிஸ்ட். நாயகன் பால் புரோட்டியஸ் இளைஞனாக இருந்தபோது, இரண்டு கூட்டாளிகளோடு வந்து ரூடியின் லேத்தில் ஒரு பதிவுக் கருவியை மாட்டுகிறான். ரூடி வழக்கம்போல வேலை செய்கிறார். கை போன போக்கெல்லாம் டேப்பில் ஏறுகிறது. அப்புறம் அந்த டேப்பை ஓட்டினால் லேத் தானே வெட்டும். ஒரு லேத் மட்டுமா, எத்தனை லேத்தில் மாட்டினாலும் ரூடியின் கைதான். ரூடிக்குத் தலைகால் புரியாத பெருமை. இருக்கிற ஆட்களிலேயே தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று. வேலை முடிந்ததும் பையன்கள் அவருக்கு பீர் வாங்கித் தருகிறார்கள். வருஷங்கள் கழித்து ஹோம்ஸ்டெட்டில் ஒரு சாராயக்கடையில் கிழவரான ரூடி பாலைப் பார்க்கிறார். கோபமே இல்லை. பழைய சிநேகத்தோடு, அங்கிருக்கும் பிளேயர் பியானோவில் ஒரு காசைப் போட்டு பாலுக்காகப் பாட்டு வைக்கிறார். கட்டைகள் ஏறி இறங்குவதைக் காட்டி, ஆவி உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வாசிப்பதாகத் தோன்றவில்லையா என்று கேட்கிறார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ரூடியை எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு பம்ப் கம்பெனியில் ட்ரெய்னி. அங்கே கம்ப்யூட்டரில் ஓடும் முதல் சி.என்.சி. மெஷின் வந்து இறங்கியது. எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணி உடைத்து, ஏ.சி. போட்ட அறையில் வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் தம்பி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். எங்கள் ஃபோர்மேன் அண்ணனை உட்கார வைத்து ஒரு மத்தியானம் பூராவும் கேள்வி. இந்த ஸ்லீவுக்கு என்ன ஸ்பீடு, என்ன ஃபீடு, எத்தனை கட்?

அண்ணன் சொல்லச் சொல்லத் தம்பி எழுதினார். "இது மெல்லிசு தம்பி. சக்குல இறுக்கிப் புடிச்சீங்கன்னா உருண்டையா வராது, மூணு மூலையா வந்துரும். கழட்டி அளந்தாத்தான் தெரியும். சாஃப்ட் ஜா போட்டு, அதையும் ஸ்லீவ் சைஸுக்கே போரிங் பண்ணிட்டு அப்புறம் புடிங்க." (சக் என்பது லேத்தில் பீஸைப் பிடிக்கும் பிடி, ஜா அதன் பற்கள்.) அடுத்து எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெட்டீரியலுக்குப் போனார்கள். "கடைசிக் கட்ட ரொம்ப மெல்லிசாக் குடுக்காதீங்க. டூல் வெட்டாம தேச்சுட்டே போகும். மேல் தோல் கெட்டியாயிரும், அடுத்த டூலு அதுல மாட்டிச் சாகும்." வெட்டி விழும் உலோகச் சுருள் என்ன நிறத்தில் வந்தால் சரி, எந்தச் சத்தம் வந்தால் டூல் முனையிலிருக்கும் இன்செர்ட்டைத் திருப்ப வேண்டும், எல்லாம் சொன்னார். நிறமும் சத்தமும் நோட்டில் ஏறவில்லை, அதற்கு ப்ரோக்ராமில் இடமில்லை. மற்றதெல்லாம் ஏறியது. நடுவே கம்பெனி செலவில் டீயும் பஜ்ஜியும்.

முதல் பீஸ் வெளியே வந்தது. அண்ணன் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நாஞ் சொன்ன மாதிரியே ஓடுது பாரு கண்ணு." முகமெல்லாம் சிரிப்பு. வானகட் கோயமுத்தூருக்கு வந்ததில்லை. அந்தச் சிரிப்பு அவருக்கு எப்படித் தெரிந்தது?

தெரிந்ததற்குக் காரணம் உண்டு. 1947 முதல் 1951 வரை அவர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஸ்கெனெக்டடி ஆலையில் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தார். அவருடைய அண்ணன் பெர்னார்ட் அதே கம்பெனியில் விஞ்ஞானி, மேகத்தில் சில்வர் அயோடைடு தூவும் ஆராய்ச்சியில் இருந்தவர். தம்பிக்கு விஞ்ஞானிகளிடமும் ஷாப் ஃப்ளோரிலும் போய்ச் செய்தி திரட்டி, பத்திரிகைகளுக்கு எழுதித் தருகிற வேலை. எஞ்சின் ரோட்டர்களைத் தானே வெட்டும் மில்லிங் மெஷின் ஒன்றை அங்கே பார்த்ததாக 1973இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். சின்னச் சின்னப் பெட்டிகளும் துளை அட்டைகளும் எல்லாவற்றையும் ஓட்டப்போகின்றன என்று இன்ஜினியர்கள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம். கதையின் கட்டமைப்பை 'பிரேவ் நியூ வேர்ல்ட்' எழுதிய ஹக்ஸ்லியிடமிருந்து சுட்டதாகவும், ஹக்ஸ்லி அதை 'வீ' எழுதிய ரஷ்யர் ஸம்யாட்டினிடமிருந்து சுட்டதாகவும் அதே பேட்டியில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார். அந்த ஸம்யாட்டின் கப்பல் கட்டும் இன்ஜினியர். நம் சுஜாதாவோ பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்து மின்னணு வாக்கு எந்திர வேலையில் பங்கெடுத்தவர். இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சம்பளம் வாங்கியவர்கள் எழுதிய எச்சரிக்கைகளைத்தான் நான் கூடுதலாக நம்புகிறேன்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரூடியின் டேப் வெறும் கற்பனை இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஜெனரல் எலெக்ட்ரிக்கிலேயே அப்படி ஒரு முறையை உருவாக்கினார்கள். மெஷினிஸ்ட் முதல் பீஸைக் கையால் வெட்டுவார், அசைவுகள் காந்த நாடாவில் பதிவாகும், அடுத்த பீஸிலிருந்து நாடா ஓட்டும். 'ரெக்கார்ட் பிளேபேக்' என்று பெயர். அதே காலத்தில் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ் வேறொரு வழியைப் பிடித்தார். ஆளின் கையைப் பதிவு செய்யாமல், டிராயிங்கிலிருந்தே கணக்குப் போட்டு டூல் போக வேண்டிய புள்ளிகளை எண்களாகத் தருவது. விமானப்படை பணம் கொடுத்தது, வேலை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்குப் போனது, 1952 செப்டம்பரில் எண்ணில் ஓடும் மில்லிங் மெஷினை ஊருக்குக் காட்டினார்கள். வானகட்டின் நாவலும் அதே வருஷம்தான் கடைக்கு வந்தது. இன்று என் பட்டறையில் ஓடுவது பார்சன்ஸ் வம்சம். ரூடி வம்சம் பாதியில் நின்றுபோனது.

ஏன் நின்றது என்று டேவிட் நோபிள் என்ற வரலாற்றாளர் 1984இல் 'ஃபோர்சஸ் ஆஃப் ப்ரொடக்‌ஷன்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அவர் கட்சி இது: டேப் முறையில் ப்ரோக்ராம் பிறப்பது ஷாப் ஃப்ளோரில், மெஷினிஸ்டின் கையில். எண் முறையில் அது பிறப்பது ஆபீஸில். மெஷினிஸ்டை நம்பியிருக்க விரும்பாத நிர்வாகங்களுக்கு எண் முறை இனித்தது. இதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். விமான இறக்கையின் வளைவைக் கையால் வெட்டிப் பதிவு செய் என்றால் எந்தக் கொம்பன் மெஷினிஸ்டும் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவான். அங்கே எண்தான் வழி. ஆனால் பம்ப் ஸ்லீவுக்கு அந்த நியாயம் செல்லாது. ஸ்லீவுக்கு ஃபோர்மேன் அண்ணனின் கை போதும், தேவைக்கு மேலேயே இருந்தது.

இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படித்தவனுக்கு ஒரு விசித்திரம் தட்டுப்படும். நாவலில் டேப்தான் கொடுமை: ரூடியின் கையைத் திருடி வைத்துக்கொண்டு ரூடியை வெளியே அனுப்பிவிட்டது. நோபிளின் வரலாற்றில் அதே டேப் தொழிலாளிக்கு அனுகூலமான வழி, அதைக் கைவிட்டதுதான் அநியாயம். மெஷின் ஒன்றுதான், நாடாவும் ஒன்றுதான். ரூடி டேப்பைத் தன் பெட்டியில் போட்டுப் பூட்டி வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்திருந்தால் நாவலே இல்லை. வானகட் எச்சரிப்பது லேத்தைப் பற்றி அல்ல, அந்தப் பெட்டியின் சாவியைப் பற்றி. இன்றைக்கு ஏ.ஐ. பற்றிப் பேசுகிற கூட்டங்களில் வேலை போகுமா போகாதா என்றே மணிக்கணக்கில் பேசுகிறார்கள், சாவியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் கம்பெனியில் யாருக்கும் வேலை போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஃபோர்மேன் அண்ணன் ரிட்டையர் ஆகும்வரை இருந்தார். ஆனால் அதற்கப்புறம் சேர்ந்த பையன்களுக்குக் கொடுத்த வேலை: கதவைத் திற, பீஸைக் கழற்று, புதுசை மாட்டு, பச்சைப் பட்டனை அமுக்கு. சம்பளமும் பட்டனுக்குத் தக்கபடி. ஏணியில் அடிப்படி இருந்தது, உச்சிப்படி இருந்தது, நடுவில் கால் வைக்க ஒன்றும் இல்லை. ஹெல்பராகச் சேர்ந்து, டூல் பிட் தீட்டக் கற்று, த்ரெட் வெட்டக் கற்று, செட்டராகி, ஃபோர்மேனான அந்த அண்ணனின் பாதையில் இன்னொருத்தர் வர முடியாது. வானகட் இந்தப் படியைச் சரியாகப் பார்த்தார். அவருடைய இலியத்தில் ஒருவனுக்கு டாக்டர் பட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டுக் குழிதான்.

நாவலில் எனக்குப் பிடித்த இன்னொரு பகுதி சலூன். பிராட்பூர் என்ற கற்பனை நாட்டின் ஷா அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வருகிறார். அவருக்கு முடி வெட்டும்போது சலூன்காரர் வாய் ஓயாமல் பேசுகிறார். ஒரு முடிதிருத்துபவர் இருந்தாராம். முடி வெட்டவும் மெஷின் வந்துவிடுமோ என்று அவருக்கு ஓயாத பயம். மெஷினால் இதை எப்படிச் செய்ய முடியும், அதை எப்படிச் செய்ய முடியும் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வார். ஆனால் ராத்திரி தூக்கத்தில் அந்த மெஷின் கனவாக வந்து நிற்கும். கடைசியில் அது எப்படி வேலை செய்யும் என்று கனவிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எழுந்து செய்துவிட்டார். அவர் பணக்காரர், மற்ற முடிதிருத்துபவர்கள் எல்லாம் தெருவில்.

என் அக்கா மகன் இப்போது ஏ.ஐ.யிடம் டிராயிங்கை விவரித்து, சி.என்.சி. மெஷினுக்கான கட்டளைகளை, ஜி-கோடை, எழுதி வாங்குகிறான். முக்கால்வாசி சரியாகவே வருகிறது. மீதியில்தான் டூலைப் பின்னுக்கு எடுக்காமலே, முழு வேகத்தில் நகரச் சொல்லும் ஜி00 போட்டுச் சக்கை நோக்கிப் பறக்கவிடும். ஒவ்வொரு வரியையும் படித்து, ட்ரை ரன் பார்த்துத்தான் ஸ்டார்ட் கொடுக்கிறோம். "இதெல்லாம் போகப்போகச் சரியாயிருங்க மாமா" என்கிறான். ஆகும்தான். எங்களை மாதிரி ஆட்கள் திருத்தித் திருத்தித் தானே ஆகும். எங்கள் ஊர் கொடிசியா வளாகத்தில் நடக்கும் மெஷின் டூல் கண்காட்சியில் வெல்டிங் ரோபோ ஒன்றைப் பார்த்தேன். வெல்டர் அதன் கையைப் பிடித்து ஜாயின்ட் ஓரமாக ஒரு தடவை நடத்திக் காட்டினார், அடுத்த தடவை அது தானே போனது. சுற்றி நின்றவர்கள் வீடியோ எடுத்தார்கள். ரெக்கார்ட் பிளேபேக் செத்துப்போகவில்லை, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. பாலின் மனைவி அனிட்டாவுக்குப் பதவி ஆசை தவிர வேறு குணமே வைக்கவில்லை, அந்தப் பக்கங்கள் சலிப்பு. ஷா வரும் இடங்களில் கீழை நாட்டுக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பழக்கம் எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் புத்தகத்தின் ஆகச் சிறந்த கேள்வியை அந்த ஷாவின் வாயில்தான் வைத்திருக்கிறார்: மனிதர்கள் எதற்காக இருக்கிறார்கள் என்று உங்கள் பெரிய கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

முடிவில் கலவரம். ஜனங்கள் மெஷின்களை அடித்து நொறுக்குகிறார்கள், வேண்டியது வேண்டாதது பார்க்காமல். ஓய்ந்ததும், ரயில்வே ஸ்டேஷனில் உடைந்து கிடக்கும் ஒரு கூல்டிரிங்க் மெஷினைச் சுற்றிக் கூட்டம். ஆரஞ்ச்-ஓ என்ற அந்தப் பானம் அநேகமாக யாருக்கும் பிடிக்காத சரக்கு. ஒருவர் குனிந்து அதை ரிப்பேர் பண்ணுகிறார். கதையின் ஆரம்பத்தில் பாலின் கார் நடுவழியில் நின்றபோது, தன் தொப்பியின் உள்வார் தோலை வெட்டி கேஸ்கெட் செய்து மாட்டிவிட்ட அதே ஆள். மெஷின் ஓடுகிறது. கூட்டம் ஆர்ப்பரித்துக் குடிக்கிறது. இதோ மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள் பார் என்ற கசப்போடு வானகட் இதை எழுதியிருக்கிறார். இந்த ஒரு இடத்தில் நான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். தொப்பித் தோலில் கேஸ்கெட் வெட்டத் தெரிந்தவனுக்குப் பழுதான மெஷினைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆரஞ்சுத் தண்ணிக்காக அவன் குனியவில்லை. விளம்பரப் பிரிவில் இருந்தவருக்கு ரூடியின் பெருமை புரிந்த அளவுக்கு இது புரியவில்லையோ என்னவோ.

இந்த நாவல் என் பட்டறையில் ஒரு காரியத்தை மட்டும் செய்ய வைத்தது. மெஷினை ஓட்டும் ஃபேனக் கன்ட்ரோலில் ப்ரோக்ராம் நம்பருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு என்ன எழுதினாலும் மெஷின் கண்டுகொள்ளாது. வழக்கமாக ஜாப் பெயரை எழுதுவோம். இப்போது அந்த ப்ரோக்ராமை ஓட்டிப் பார்த்து, ஃபீடைத் திருத்தி, ஜாவைத் திருத்தி, முதல் ஓகே பீஸ் எடுத்த பையனின் பெயரையும் சேர்த்து எழுதுகிறோம். அந்த ஜாப் திரும்ப வரும்போதெல்லாம், மெஷினில் யார் நின்றாலும், பீஸுக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை அவன் கணக்கில் ஏறும். வேறு வேலைக்குப் போய்விட்ட ஒருவனுக்குக்கூட ஜிபேயில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பார்ட்னருக்கு இது பைத்தியக்காரத்தனம். "ஆளே இல்லாம எதுக்குங்க கூலி?" என்று மாசாமாசம் கேட்கிறார். ஆடிட்டர் அதைவிடச் சிக்கலான கேள்வி கேட்டார்: இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? சம்பளமும் இல்லை, போனஸும் இல்லை, கமிஷன் என்றும் போட முடியாது என்றார். இப்போதைக்கு டூலிங் செலவில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.